வட்டம், பெருக்கல், கோடு

“‘வாஷிங் ஷீட்ஸ் இஸ் ஹார்ட் வொர்க்.’ இதுல அந்த வாஷிங் என்ன வேலை பாக்குது, சொல்லு?”

ஈரப் போர்வையை உதறியபடி சித்தி கேட்டார். மறுமுனையைப் பிடித்திருந்த அக்கா மகள் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். “வினைச்சொல்” என்றாள்.

“பன்னெண்டு வருசம் என்னத்தப் படிச்ச? வெர்ப்புதான்டி. ஆனா வேற வார்டுல டியூட்டி போட்டிருக்காங்க. இங்க அது பெயர்ச்சொல்லோட வேலையப் பாக்குது. அதான் ஜெரண்ட்.”

சித்திக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருட வேலை. வலது தோள் தேய்ந்துவிட்டது. ஈர மூட்டையைத் தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். மேற்பார்வையாளர் தேர்வில் தேறினால் தூக்க வேண்டியதில்லை. மற்ற தாள்களெல்லாம் தேறியாயிற்று. ஆங்கிலம் மட்டும் நான்கு முறை காலை வாரியது. அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும்.

அதனால் இலக்கணத்தையும், எந்த இடத்து மூட்டை என்று குறி போட்டு ஒதுக்கும் துணிபோலவே பிரித்தார். ஜெரண்ட் தொடருக்கு, வார்டு மூட்டையில் போடும் வட்டம். பெயரை வர்ணிக்கும் பார்ட்டிசிபிள் தொடருக்கு, ஆபரேஷன் தியேட்டர் மூட்டையின் பெருக்கல் குறி. ‘டு’வோடு வரும் இன்ஃபினிட்டிவுக்கு, குழந்தைகள் வார்டின் கோடு. செய்தித்தாள், மருந்து அட்டை, சோப்புத்தூள் பை எதையும் விடவில்லை.

“எழுத்து கண்ட இடமெல்லாம் குறி போட்டாச்சு. என் நெத்திதான் பாக்கி” என்றார் சித்தப்பா.

“உங்களுக்குக் கோடுதான். எப்பவும் ‘செய்யணும், செய்யணும்’தான். செஞ்சதா சரித்திரம் இல்ல.”

தேர்வு எழுதி வெளியே வந்த சித்தி, காத்திருந்த அக்கா மகளின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொடர்களின் வகையை எழுதச் சொன்ன பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு, கைப்பழக்கத்தில் வெறும் குறிகளைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

“போச்சுடி. மூட்டை கட்டின கை பரீட்சையையும் மூட்டை கட்டிடுச்சு.”

ஆறு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மதியம் முடிவும் விடைத்தாள் நகலும் சலவைக்கூடத்துக்கே வந்தன. தேர்ச்சி. அந்தக் கேள்விக்கும் மதிப்பெண் விழுந்திருந்தது. பக்கத்தின் அடியில், மூட்டைச் சீட்டில் அடுத்த ஷிப்டுக்காரிக்கு எழுதி வைப்பதுபோல, எந்தக் குறி எந்த வகை என்று, அவருக்கே நினைவில்லாமல், அந்தக் கையே எழுதி வைத்திருந்தது.

மாடியில் நோயாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தி காலியாக நின்ற பெரிய இயந்திரத்தின் கதவைத் திறந்து, உருளைக்குள் தலையை நுழைத்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

தேர்வெழுதிவிட்டு முடிவுக்குக் காத்துத் திரிபவர் யாரையாவது பார்த்தால், இதைச் சொல்லுங்கள்.