ஊற்றுக்குளத்தில் குறுக்குக்கட்டு

போன கிழமை இங்கே, ஜேர்மனியில், ஒரு ஜப்பானிய வெந்நீர்க் குளியலகத்தின் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த கந்தக மணம், எப்போதோ இடித்துக் கார்த் தரிப்பிடமாக்கிவிட்ட நாங்கள் இந்த நாட்டில் முதலில் குடியேறிய சிறு நகரத்து வெந்நீர் ஊற்றுக்குளத்துக்கு, தொண்ணூறுகளின் ஒரு குளிர்காலத்துக்கு, என்னைக் கொண்டுபோய் விட்டது.

இடுப்பு வலிக்கு வெந்நீரில் இருக்கச் சொல்லி டொக்டர்தான் அம்மாவை அங்கே அனுப்பினார். பச்சை ஓடு பதித்த சுவரெல்லாம் ஆவி வழிய, கிழவிகளின் பேச்சு கூரையில் மோதி இரட்டிப்பாகத் திரும்பிவர, யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் குளித்த அதே கோலத்தில், பூப்போட்ட சீத்தைத் துணியை மார்புக்கு மேல் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு அம்மா படிப்படியாக இறங்கினார். துணி காற்றடைத்து அவரைச் சுற்றி மிதந்தது.

காவல் பெண் விசில் ஊதியபடி ஓடிவந்தாள். நீச்சலுடை இல்லாமல் இறங்கக் கூடாதாம்; அந்தத் துணி அழுக்காம். கிழவிகள் எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் அம்மா.

எட்டு வயதில் எனக்கு டொச் என்ற ஜேர்மன் மொழி நன்றாகத் தெரியும். அழுக்கு என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

“வெளியில வரட்டாம், அம்மா.”

“நான் வடிவா மூடிக்கொண்டுதானே நிக்கிறன். சொல்லு அவவுக்கு.”

சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“ஏலாதாம், அம்மா.”

அம்மா கம்பியைப் பிடித்து மெல்ல ஏறிவந்தார். நனைந்த சீத்தை உடம்போடு ஒட்டி, அவர் மூடிவைத்திருந்த எல்லாவற்றையும் காட்டியது. நான் ஓடிப்போய்க் கைகளை விரித்து அவருக்கு முன்னால் நின்றேன். என் தலை அவருடைய மார்புவரைகூட எட்டவில்லை.