கட்டுமாவடி முகாமில் நான் சொன்னது

மருத்துவமனைக்கு நான் தலைவனான அன்று முதலில் கை குலுக்கியவர் எங்கள் அறுவை சிகிச்சை டாக்டர் அம்மா. "இனிமே சம்பளமாவது ஒண்ணாம் தேதி வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் நாலைந்து நாள் மென்றுகொண்டிருந்தேன்.

புதுக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் நடுத்தரமான மருத்துவமனை எங்களுடையது. அங்கே பதினோரு வருடம் தலைமை நிதி அதிகாரியாக இருந்தேன். நிறுவனரான பெரியவருக்குக் கண் பார்வை குறைந்து அவர் ஒதுங்கியபோது, வெளியிலிருந்து ஒரு டாக்டரைக் கொண்டுவரத்தான் அறங்காவலர்கள் பார்த்தார்கள். திருச்சி, மதுரை என்றால் வருவோம் என்றவர்கள் புதுக்கோட்டை என்றதும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யாரும் யோசித்துச் சொல்லவில்லை. கடைசியில் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அது எனக்கும் தெரியும், டாக்டர்களுக்கும் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, நான் அவர்களுடைய பேச்சைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கிரியாட்டினின் என்றால் என்ன, மூன்று மாதச் சர்க்கரை அளவு என்றால் என்ன என்று படித்தேன். காலையில் அவர்கள் வார்டு சுற்றும்போது நானும் கூடவே போனேன். நிர்வாகம் செய்பவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. கூட்டத்தில் நான் ஒரு மருத்துவச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்திவிட்டால் அன்று முழுவதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்திருக்கும்.

வார்டில் நோயாளிகளின் வீட்டார் என்னையும் பார்த்துக் கும்பிட்டு "டாக்டரய்யா" என்பார்கள். ஆரம்பத்தில், நான் டாக்டர் இல்லை, நிர்வாகம் பார்க்கிறவன் என்று சொன்னேன். சொன்னதும் அவர்கள் முகம் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் போய்விடும். ஏழெட்டு முறை அப்படி ஆனது. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

திருமயத்தில் என் மனைவியின் உறவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது, "டாக்டர் மாப்பிள்ளைக்கு எலை போடுங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தார். நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். திரும்பி வரும்போது காரில் என் மனைவி, "அவங்க தெரியாமச் சொல்றாங்க. ஒங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். ஒவ்வொருவரிடமும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டேன்.

நான் பொறுப்பேற்ற மறு வருடம் கட்டுமாவடியில் ஓர் இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். கல்யாண மண்டபத்து வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சடித்திருந்தார்கள். எங்கள் மக்கள் தொடர்பு அலுவலர் பதறிப்போய், மேலே ஒரு தாள் ஒட்டிவிடட்டுமா என்று கேட்டார். ஒட்டினால் அசிங்கமாகத் தெரியும், விடு என்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய டாக்டர் என்று மைக்கில் அறிவித்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

விழா முடிந்ததும் உள்ளே வைத்தியம் தொடங்கியது. பொது மருத்துவர் ஒருவர்தான் வந்திருந்தார். ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், நிதானமாகப் பார்ப்பவர். அவர் மேசைக்கு முன்னால் வரிசை மண்டபத்தைச் சுற்றி வெயிலுக்குப் போய்விட்டது. நான் வாசல் பக்கம் ஒரு மேசையில் தண்ணீர் பாட்டிலுடன் உட்கார்ந்திருந்தேன்.

வரிசையிலிருந்து விலகி ஒருவர் என்னிடம் வந்தார். கடலுக்குப் போகிறவர் என்று கை விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஐம்பது வயது இருக்கும். "அய்யா, நீங்க ஒரு பார்வை பாத்தா போதும்" என்று செருப்பைக் கழற்றிக் காலைத் திருப்பிக் காட்டினார். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் அளவுக்குப் புண். ஓரம் வெளுத்துத் தடித்திருந்தது.

அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அங்கிட்டுப் போய் வரிசையில் நில்லுங்கள் என்று கை காட்டியிருக்க வேண்டும். நான் குனிந்து பார்த்தேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். ஏழு வருடமாக இருக்கிறது என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி சுத்தமா இல்லீங்கய்யா."

"வலி இல்லேன்னா பயப்பட வேணாம். தண்ணி படாம சுத்தமா வச்சுக்கங்க. களிம்பு போடுங்க, ஆறிரும்."

இந்த வார்த்தைகளை என் வாய்தான் சொன்னது. சொல்லும்போது என் குரல் எங்கள் பொது மருத்துவரின் குரல் மாதிரியே இறங்கி மெதுவாக வந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. வந்தவர் முகம் தெளிந்தது. இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு, வரிசைக்குப் போகாமல் நேராக வெளியே போய்விட்டார். அறந்தாங்கி தாண்டும்வரை காரில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு காலை வார்டு சுற்றிக்கொண்டிருந்தேன். அன்று என்னுடன் ஒரு நர்ஸ் மட்டும் இருந்தார். ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் ஒரு கட்டிலிலிருந்து யாரோ எழுந்து உட்கார முயன்றார். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டுப் போட்டிருந்தது.

"இந்தா, இவுகதான். முகாம்ல பாத்தாருன்னு சொன்னேன்ல, பெரிய டாக்டரு" என்று அவர் தன் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டார்.

எப்படி ஆயிற்று என்று கேட்டேன். புண் உள்ளுக்குள்ளேயே ஓடிவிட்டதாம். காய்ச்சல் வந்து, கால் கறுத்து, நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்தார்களாம். காலை எடுத்திருக்காவிட்டால் உயிர் போயிருக்குமாம். சொல்லி முடித்துவிட்டு அவரே என்னைத் தேற்றினார்.

"அய்யா சரியாத்தான் சொன்னீங்க. நாந்தான் தண்ணி படாம வைக்கல. கடலுக்குப் போறவன் எப்பிடி வைக்கிறது?"

அதை நான் ஆவலாகப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுவது அதற்குத்தான். நான் சொன்னதைக் கேளாமல் இருந்தது அவர் தப்புத்தானே என்று மனம் உடனே ஒரு மூலையில் போய்ப் பதுங்கிக்கொண்டது. கீழே அறைக்கு வந்ததும் அவருடைய பில் முழுவதையும் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மறுநாள் அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் என் அறைக்கு வந்து நன்றி சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் டாக்டர்கள் கூட்டம். கை கால் எடுத்த நோயாளிகளைப் பற்றி அதில் பேசுவது வழக்கம். தலைமை இருக்கையில் நான். அறுவை சிகிச்சை டாக்டர் அம்மா இந்த மீனவரின் கேஸ் தாளை வாசித்தார். முகாமில் ஒரு டாக்டர் பார்த்து, வலி இல்லாததால் பயம் வேண்டாம் என்று அனுப்பியதாக நோயாளி சொல்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"சக்கரைக்காரருக்குப் புண்ணுல வலி இல்லைங்கிறதுதான் ஆபத்தே. உணர்ச்சி செத்துப்போச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே அனுப்பியிருந்தா வெரலோட போயிருக்கும். இது படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியுமே."

எல்லோரும் பொது மருத்துவரைப் பார்த்தார்கள். முகாமில் இருந்த டாக்டர் அவர் ஒருவர்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்குக் கூட்டம் அதிகம், இந்தக் காலைப் பார்த்ததாகவே நினைவில்லை என்றார். பிறகு குரல் தாழ்ந்து, "சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். வயசாகுதுல்ல" என்றார். இனி முகாம்களுக்குத் தன்னை அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்று சொன்னேன்.

இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் பொது மருத்துவர் தன் அறையில் ஒரு பழைய நோயாளிக்கு மருந்து எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று புத்தகத்தை எடுத்துப் பார்ப்பதைக் கதவு வழியாகக் கண்டேன். முப்பது வருடமாக எழுதும் மருந்து அது. நோயாளி போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். முகாமில் அந்தக் காலைப் பார்த்தது நான், அந்த வார்த்தையைச் சொன்னதும் நான் என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த மனுசன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மீனவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு கட்டுமாவடிக்குத் தனியாகப் பஸ்ஸில் போனேன். வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலி எடுத்து வரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். நான் டாக்டர் இல்லை, கணக்குப் படித்தவன், அன்றைக்கு உங்களிடம் சொன்னது தவறு, உங்கள் கால் போனதற்கு நான் காரணம் என்று.

அவருக்குப் புரிய நேரம் ஆனது. "அப்ப நீங்க டாக்டர் இல்லீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு தலையைக் குனிந்து வலையைப் பார்க்கத் தொடங்கினார். அந்த அம்மாதான் கதவுப் பக்கத்திலிருந்து பேசினார். குரல் உயரவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா, இவுக வரிசையில நின்னுருப்பாகளே. நிக்க மாட்டேன்னா சொன்னாக?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன், அதைக் கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை என்று தோன்றியது. வலையிலிருந்து தலை தூக்காமலே, பேசாமல் போங்க என்று அவர் சொன்னார். வந்துவிட்டேன்.

அறங்காவலர்களிடம் எழுத்தில் கொடுத்தேன். வழக்கு வந்தால் மருத்துவமனைக்குக் கெட்ட பெயர், அதனால் இதை வெளியே பேச வேண்டாம் என்றார்கள். எனக்குத் தண்டனை எதுவும் தரவில்லை. அதுவே எனக்கு இன்னொரு வெட்கம். தலைவர் பொறுப்பை நானே விட்டுவிட்டேன். கொஞ்ச காலம் அறுவை சிகிச்சை டாக்டர் அம்மா பார்த்தார், இப்போது தஞ்சாவூரிலிருந்து ஒரு டாக்டர் வந்திருக்கிறார். நான் பழையபடி நிதிப் பிரிவில், மாடி அறையில். டாக்டர்கள் கூட்டத்தில் நடந்ததை அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று திருத்திச் சொன்னேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. பொது மருத்துவர் மீண்டும் முகாம்களுக்குப் போகிறார். என்னுடன் பேசுவார், தேவையான அளவுக்கு.

அந்த மீனவருக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். படகுக்குப் போக முடியாது. கரையில் வலை பார்த்துக்கொடுக்கிறார் என்று கேள்வி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு இருவரும் வருவார்கள். வரும் நாள் எனக்குத் தெரியும். போன தடவை மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது கீழே அவர்கள் நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, பழக்கத்தில், கையைப் பாதிவரை தூக்கினார். அந்த அம்மா அவர் முழங்கையைப் பிடித்து இங்கிட்டு வாங்க என்று கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் போய் முடியும்வரை நான் படியிலேயே நின்றேன்.