அம்மா வாங்கிக்கொண்ட காப்பு

இந்த ஊரில் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. எல்லாமே கேள்விதான். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், மேனேஜர் ஷிவோன் என்னிடம் வந்து, "முத்து, நான்காம் அறையைப் பார்த்துக்கொள்ள உனக்கு விருப்பமா?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். விருப்பமா என்று கேட்கிறாரே என்று நானும் மெனக்கெட்டு யோசித்தேன். நான்காம் அறைக் கிழவர் ஊட்டுகிற கஞ்சியை நம் மேலேயே துப்புவார். ஆறாம் அறைப் பாட்டி பாவம், சத்தமே போடமாட்டார். "இல்லை, நன்றி. எனக்கு ஆறாம் அறைதான் விருப்பம்" என்று உண்மையைச் சொன்னேன். ஷிவோன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. பிறகு ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், இங்கே உத்தரவு இப்படித்தான் வரும், சரி என்பதற்கு இவர்கள் சொல்கிற 'கிராண்ட்' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு வேலையைப் பார் என்று புத்தி சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. நான் பிறந்தது மம்சாபுரம், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். இரண்டு ஊரிலும் என்னிடம் யாரும் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நர்ஸுக்குப் படி என்றார்கள், படித்தேன். கட்டிக்கொள் என்றார்கள், கட்டிக்கொண்டேன். கேட்காமலே முடிவெடுக்கிறவர்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் உண்டு. கேட்பதுபோல் கேட்டுவிட்டு நழுவுகிறவர்கள் மேலும் கோபம் வந்தது கடல் தாண்டிய பிறகுதான்.

இப்போது மறுபடியும் எங்கேயோ ஒரு காய்ச்சல் பரவுகிறதாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகலாமா, போனால் திரும்பி வரமுடியுமா, குழந்தையை என்ன செய்வது என்று நம் ஊர்ப் பெண்கள் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அக்கா, நீங்கள் அனுபவப்பட்டவர்கள், ஒரு முடிவு சொல்லுங்கள் என்கிறார்கள். சொல்லமாட்டேன். அப்புறம் உங்கள் மாமியாரும் அம்மாவும் என்னைத்தான் திட்டுவார்கள். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன், அதை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்த அந்தப் பங்குனியில் நான் விடுமுறையில் ராஜபாளையத்தில் இருந்தேன். மகள் கோதைக்கு அப்போது ஆறு வயது. அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் அயர்லாந்து போயிருந்ததால், அந்த விடுமுறையில் முதல் வாரம் முழுக்க என்னை விருந்தாளி மாதிரிதான் பார்த்தாள். அடுத்த வாரம்தான் என் பக்கத்தில் படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். அதற்குள் டிவியில் இத்தாலியும் ஸ்பெயினும் வந்துவிட்டன, விமானங்களை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சும் வந்துவிட்டது. என் நிலைமை இதுதான்: இன்னும் கொஞ்ச காலம் அந்த வேலையில் நீடித்தால் மகளையும் கணவரையும் அங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வேலை போனால் அந்தக் கதவு மூடிவிடும். போனால் மகளை விட்டு எத்தனை காலம் என்று தெரியாது. போகாவிட்டால் இத்தனை நாள் அவளை விட்டுவிட்டு இருந்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஷிவோனுக்கு ஃபோன் செய்தேன். இரண்டு நர்ஸுகளுக்குக் காய்ச்சல், ஷிஃப்டுக்கு ஆள் இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னவர், கடைசியில், "ஆனால் இது முழுக்க முழுக்க உன் முடிவு, முத்து. நாங்கள் உன்னை நெருக்கவே மாட்டோம்" என்றார். நான் வராவிட்டால் என் வேலை என்ன ஆகும் என்று நேராகக் கேட்டேன். "அதையெல்லாம் இப்போது யோசிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அன்போடு சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த அன்பை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் ஃபோனோடு நின்றேன்.

வீட்டில் என் கணவரின் அண்ணன் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். "போயிரும்மா. இப்ப விட்டா பொறவு ஏரோப்ளேன் கெடைக்காது. புள்ளய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். பார்த்துக்கொள்ளப் போவது அவர் மனைவி, அவரையும் யாரும் கேட்கவில்லை. என் கணவர் வீட்டை ஒட்டியே தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிறவர். இரவு தறியை நிறுத்திவிட்டு வந்தவரிடம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

"ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி."

"ஒங்களுக்கு என்ன தோணுது? அதச் சொல்லுங்க."

"எனக்கு என்ன தோணுறதுக்கு இருக்கு? போறது நீ."

இவரை அயர்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் மறுநாளே மேனேஜர் ஆக்கிவிடுவார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால், 'நீதானே போனே' என்று சொல்ல வசதியாக இப்போதே ஒதுங்கி நிற்கிறார். போகாதே என்று சண்டை போட்டிருந்தால்கூட நான் மனம் ஆறியிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் அம்மா ஃபோனில் கூப்பிட்டாள். "நம்ம தெரு மாரியம்மனுக்கு இன்னைக்குக் காப்புக் கட்டு. செத்த நேரம் வந்து கும்பிட்டுட்டுப் போயிரு" என்றாள். கோதைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளை விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், மஞ்சள் தடவிய அந்த நூல் மணிக்கட்டில் இருக்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. விழா முடிந்து பூசாரி அவிழ்த்துவிட்ட பிறகுதான் வெளியே கால் வைக்கலாம். சாமி கும்பிட்டுக் கண்ணைத் திறக்கிறேன், பூசாரி என் கையைப் பிடித்திருக்கிறார், நூல் இரண்டு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. "ஒங்கம்மா ஒம் பேருக்கு நேந்திருக்காவ தாயி" என்றார். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் தன் கையில் கட்டியிருந்த காப்பைத் தடவிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரே கூடி நிற்கும்போது, சாமி முன்னால் கையை உதறிக்கொண்டு போக எவளாலும் முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சத்தம் போட்டேன். "நான் என்ன ஆடா மாடா, கட்டிப்போடுததுக்கு?"

"நான் சொன்னா நீ கேக்கவா போறே? அதான் ஆத்தாகிட்டச் சொல்லி வச்சேன்."

"எனக்கு வேல போயிரும்மா. பொறவு கோதைய எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

"நோய் கெடக்குத ஊருக்கு எவளாவது வலியப் போவாளா? இருக்கவிய இருக்க எடத்துல இருக்கணும். காப்ப வேற எதுக்குக் கட்டுதான்னு நெனச்சே?"

என் எரிச்சலே அதுதான், அவள் சொன்னது தப்பில்லை. நான் படித்த நர்ஸிங் புத்தகத்திலும் அதைத்தான் வேறு வார்த்தைகளில் எழுதியிருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். விடுமுறையில் மிச்சமிருந்த நாட்களையும் மகளைவிட்டு மம்சாபுரத்தில் உட்கார்ந்து கழித்தேன். அவள் தினமும் சாயங்காலம் அவள் அப்பா ஃபோனில், "எப்பம்மா வருவே?" என்பாள்.

அதற்குள் கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு வந்து திருவிழாவே நின்றுவிட்டது. பந்தக்காலைப் பிடுங்கிய அன்று, குழாயடியில் ஒருத்தி என் காதுபட, "வெளிநாட்டுக்காரி கையில காப்பக் கட்டினா ஆத்தா பொறுப்பாளா?" என்றாள். போன விடுமுறையில் நான் கொண்டுவந்த சென்ட் பாட்டிலை வாங்கிச் சேலையெல்லாம் அடித்துக்கொண்டவள் அவள். இப்போது என் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைக்கமாட்டேன் என்கிறாள். நான் இந்த ஊர் மண்ணில் விழுந்து எழுந்தவள், என் காதணி விழாவில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் இவர்கள். குடத்தைத் தூக்கி அவள் தலையில் போட்டால் என்ன என்று தோன்றியது. தூக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். விமானம் நிற்பதற்கு முன்னால் போய்விடுவது. அது கோபத்தில் எடுத்த முடிவா, கணக்குப் போட்டு எடுத்த முடிவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேராகப் பூசாரி வீட்டுக்குப் போய், காப்பை அவிழ்த்துவிடுங்கள், நான் வேலை செய்யும் இடத்தில் மணிக்கட்டில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்றேன். அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். பூசாரி தலையைச் சொறிந்தார். "விழா முடியாம காப்ப எறக்க ஏலாது தாயி. எப்ப நடக்கும்னும் தெரியல. ஒண்ணு செய்யலாம். ரத்த சொந்தம் யாராச்சும் ஒங் காப்ப வாங்கிக் கட்டிக்கிடலாம். அம்புட்டுதான் எனக்குத் தெரிஞ்ச வழி."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையை நீட்டிவிட்டாள். ஏற்கெனவே ஒரு காப்பு இருந்த அதே கையில் என்னுடையதையும் பூசாரி கட்டினார். "போ" என்றாள் அம்மா.

ராஜபாளையம் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் சென்னை ரயில் ஏறினேன். கோதை அவள் பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். வழியனுப்ப வந்த என் கணவர் ஸ்டேஷனுக்கு வெளியே எங்கோ காணாமல் போய், ரயில் வரும் நேரத்தில் பால்கோவா டப்பாக்களோடு ஓடி வந்தார். ஊரே முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறது, இவர் என் கூட வேலை செய்கிறவர்களுக்கு இனிப்பு வாங்கி வருகிறார். "வெறுங்கையோட போகக் கூடாதுல்லா" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இதை வீட்டிலேயே காட்டியிருக்கக் கூடாதா மனுஷன்? அந்த டப்பாக்களை அங்கே ஷிவோன் மிகுந்த நன்றியோடு வாங்கி, வெளி உணவு கூடாதென்று மிகுந்த வருத்தத்தோடு குப்பையில் போட்டார்.

அங்கே நடந்ததை அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான்காம் அறைக் கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டே போனார். அவர் மகள் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்று கண்ணாடியில் கையை வைத்திருந்தாள். அவள் சார்பாக அவர் கையை நான் பிடித்திருந்தேன். அந்த நேரத்தில் என் மகள் கையை யார் பிடித்திருந்தார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அடுத்த பங்குனியிலும் எங்கள் தெருவில் விழா நடக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த அலையில் என் கணவர் கொரோனாவோடு தனியறையில் கிடந்தபோது, கோதைக்குக் காய்ச்சல் முற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொரோனா இல்லை, டெங்கு என்றார்கள். பெரியம்மாதான் கூட இருந்தார். மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரம். அம்மா போகவில்லை என்று தெரிந்ததும் ஃபோனில் கூப்பிட்டுக் கத்தினேன்.

"புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்தா என்னம்மா? என்ன மனுஷி நீ?"

"போகக் கூடாதுட்டி. காப்பு கையில கெடக்கு."

"அறுத்துத் தூரப் போடு அத!"

"எங் காப்பு மட்டும்னா என்னைக்கோ அறுத்துட்டு நடந்தே போயிருப்பேன். வாரது எனக்குத்தான வரும். ஒங் காப்பும்லா கெடக்கு. நான் எல்ல தாண்டினா நோய்க்குள்ள நிக்குத ஒனக்குல்லா ஆகும்."

அம்மா தன் பேத்தியைப் பார்க்க முடியாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. என்னைக் கேட்காமல் கட்டினாள், என்னைக் கேட்காமல் வாங்கிக்கொண்டாள், இப்போது என்னைக் கேட்காமலே என் மகளைத் தனியாக விட்டுவிட்டாள். எல்லாம் என் உயிருக்காக. இப்படிப்பட்ட அன்பை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது?

கோதை பிழைத்து வீடு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் நான் ஏப்ரனும் முகக் கவசமுமாக ஷிஃப்டுக்குத் தயாராகி, தாழ்வாரத்து ஓரத்தில் நின்று வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன். இளைத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"அம்மாச்சிகிட்ட கேட்டேம்மா, ஏன் ஆஸ்பத்திரிக்கு வரலன்னு. ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான் வரலன்னாவ. நீ யாருக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு வரல?"

உனக்காகத்தான் என்பது உண்மை. அதை விட்டுவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டேன். அவள் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். திரையில் எங்கள் வீட்டின் எதிர்ச் சுவர் மட்டும் தெரிந்தது, அதற்கு அப்பால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் ஏதோ ஓர் அறையில் யாரோ மணியை அழுத்தி அழுத்தி அடித்தார்கள். "இதோ வாரேன்" என்று உரக்கக் குரல் கொடுத்தேன். தமிழில் சொல்லியிருந்தேன், அறையில் இருந்தவருக்குப் புரிந்திருக்காது. கோதை தெருவில் இருந்தாள், அவள் காதிலும் விழுந்திருக்காது.