கீரனூர்ப் பக்கம் ஒரு புதன்கிழமை: தவறிப்போன ஊசி

இது சுற்றிப்பார்க்கப் போன பயணம் அல்ல. கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன். போன மாசியில் என் தங்கை மகள் கௌசல்யா தொலைபேசியில் அழுதாள். கீரனூருக்கு அருகே அவளுடைய புகுந்த ஊரில், அடுத்த தெருவில் தட்டம்மை. அவளது பத்து மாதப் பையனுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்டிருக்கவில்லை. கணவன் தக்காளி லோடோடு வெளியூரில். அரசு சுகாதார நிலையத்தில் புதன்தோறும் தடுப்பூசி உண்டு. துணைக்கு நான் கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் காலை ஆறு மணிக்குப் பழனி பேருந்து. அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மணி நேரம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் மறித்தால் இன்னும் அரைமணி, அன்று மறித்தன. பழனியிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

"மலைக்குப் போகலீங்களா அம்மணி?" என்றார் நடத்துநர். ஊசி போடப் போகிறேன் என்றேன்.

"உங்களுக்குங்களா?"

சிரித்தேன். அந்தப் பயணத்தில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அவள் வீட்டிலிருந்து பையனைத் தோளில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தபோது கௌசல்யா நடந்ததைச் சொன்னாள். பேறுகாலத்துக்குத் தாய்வீடு, கொடைரோடு. குழந்தையின் பெயர் அங்கேதான் பதிவு. ஐந்தாம் மாதம் இங்கே வந்துவிட்டாள். இனி இந்த ஊரில் போடுவார்கள் என்று அந்த ஊர் செவிலியர் நினைத்தார். விருந்துக்கு வந்த பிள்ளை என்று இந்த ஊர் செவிலியர் நினைத்தார். அரசின் நினைவூட்டல் செய்தி ஒழுங்காகத்தான் வந்தது, அவள் அப்பாவின் கைபேசிக்கு. பேங்க் செய்தி என்று அவர் திறக்கவே இல்லை.

"நான் அங்கிட்டும் இல்ல, இங்கிட்டும் இல்ல, பெரியம்மா" என்றாள்.

சுகாதார நிலையத்தில் மருந்து இருந்தது, குளிர்பெட்டி இருந்தது, வரிசைகூட இல்லை. செவிலியர் பையனின் நெற்றியைத் தொட்டார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். உள்கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகள். எடுத்த ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அம்மை வந்துருச்சுங்க. இனி இது உதவாதுங்க. பழனி ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

ஆட்டோவில் பழனிக்குப் போனோம். மறுநாள் உடம்பெங்கும் தடிப்பு, பிறகு சளிக்காய்ச்சல், காதில் சீழ். வார்டில் வைட்டமின் சொட்டு முதல் எல்லாமே இலவசம். உயிர் தப்பியது.

ஊர் மாறும்போது தடுப்பூசி அட்டையோடு புது ஊர் செவிலியரை முதல் வாரமே பாருங்கள். கைபேசி எண்ணைத் தாயின் எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போனாலும் கூச்சப்படாமல் போங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அரசுக்கும் ஒன்று: பிள்ளை எங்கே பிறந்தது என்பதைவிட இன்று எங்கே தூங்குகிறது என்று கேளுங்கள்.

கௌசல்யா இப்போது தன் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். சென்ற வாரம் நான் போயிருந்தபோது அடுத்த ஊசிக்கான செய்தி வந்தது. பையனின் முதுகுக்குப் பின்னால்தான் கைபேசி சத்தமாக ஒலித்தது. அவன் தன் பாட்டுக்குக் கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். சத்தம் வந்த பக்கம் திரும்பவே இல்லை.