எஸ்தர் அக்கா எங்கே அழுதார்

சாமை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மிஷன் ஜீப் வந்து நின்றது. ஓட்டுநர் சமையற்கட்டு வாசலுக்கு வந்து தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரோசி, போளூர் ஆஸ்பத்திரிலேருந்து வர்றேன். எஸ்தரம்மா பூட்டாங்க."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். அவர் போகாமல் நின்று இன்னொன்றும் சொன்னார். "நர்சுங்க எல்லாம் அதையேதான் பேசிக்கினு இருக்காங்க. அவ்ளோ வலியில ஒரு சத்தம் போடலியாம். இன்னா அடக்கம்மா அந்தம்மாவுக்குன்றாங்க."

செத்த செய்தியும் புகழும் ஒரே வாயிலிருந்து வந்து சேர்ந்தன. அன்று ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. எஸ்தர் அக்காவின் பொறுமை, எஸ்தர் அக்காவின் அடக்கம், எஸ்தர் அக்காவின் சாட்சி. சபையில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இந்த வார்த்தைகள் பழக்கம். நான் அவரோடு மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் போர்டிங்கில் சமையல் வேலை செய்தவள். ஆறாவதுக்கு மேல் படிக்கக் கீழே போளூருக்குப் போகவேண்டும். அப்பா அனுப்பவில்லை. அன்றிலிருந்து எஸ்தர் அக்காவின் பக்கத்து அடுப்பில் நின்றேன். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அவர் மகன் சாமுவேல் செத்த அன்று நான் சின்னப் பிள்ளை. புளி உலுக்கும் காலம். மற்றப் பையன்களோடு மரம் ஏறியவன் கிளை முறிந்து பாறைமேல் விழுந்தான். எஸ்தர் அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை. கணவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அக்கா ஞானஸ்நானம் பெற்று அப்போது வெகுநாள் ஆகவில்லை. வெள்ளச்சி என்ற பெயரை விட்டு எஸ்தர் ஆகியிருந்தார்.

நம் மலையில் சாவு விழுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, மார்பில் அடித்து, செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுவார்கள். அப்படித்தான் அவர் அண்ணன் மனைவி சின்னப்பொண்ணு, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு தலைவிரி கோலமாக ஓடிவந்தார். வந்தவர் நாத்தனாரைக் கட்டிக்கொள்ளக் கையை விரித்தார்.

அந்த நேரத்தில் போதகர் ஐயா எஸ்தர் அக்காவின் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார். நாங்கள் போர்டிங் பிள்ளைகளோடு பாடுவதற்கு வரிசையில் நின்றிருந்தோம். எனக்குக் கேட்டது. "எஸ்தர், உங்க ஜனங்க எல்லாரும் பாக்கறாங்க. உயிர்த்தெழுதல்ல நமக்கு இருக்கிற நம்பிக்கை என்னன்னு இன்னைக்கு நீங்கதான் காட்டணும். அழாதீங்க."

ஐயா கெட்டவர் இல்லை. காய்ச்சலோடு ஊர் ஊராக நடந்து எங்களுக்கு மருந்து கொடுத்தவர். ஒப்பாரி ஆரம்பித்தால் பின்னாலேயே பறையும் சாராயமும் வந்துவிடும் என்று பயந்தார். ஆனால் அவர் சொன்னது பெற்ற பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தியிடம்.

எஸ்தர் அக்கா அண்ணியின் விரித்த கைக்குள் போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

சின்னப்பொண்ணு கொஞ்சநேரம் அப்படியே கையை விரித்தபடி நின்றார். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "நீ கல்லுக்குப் பொறந்தவளாடீ? பெத்த வயிறு எரியலியா உனுக்கு? மாமிக்காரி நான் அழுவறேன், நீ குந்திக்கினு பாக்கற. கேட்டுக்கோ. நாளைக்கி நீ செத்தா எங்க வூட்டுலேருந்து கோடி வராது. கண்ணுல தண்ணியும் வராது."

பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரும் புதுச்சேலைதான் கோடி. அதைப் போர்த்தாமல் ஒரு பெண்ணைப் புதைத்தால் அவள் நாதியற்றவள். கிறிஸ்தவர்கள் ஆன பிறகும் நாம் விடாத வழக்கம் அது ஒன்றுதான். சின்னப்பொண்ணு அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பின் எஸ்தர் அக்கா வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. சந்தையில் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சபையோ எஸ்தர் அக்காவைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் பந்தலில், கீழிருந்து வந்த விருந்தாளிகளுக்கு முன்னால், அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவர் சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே போவார். ஒவ்வொரு வருடமும் அதே நாலு வாக்கியம். என் மகன் மரத்திலிருந்து விழுந்து மரித்தான். ஆண்டவர் எனக்குப் பெலன் கொடுத்தார். நான் அழவில்லை. அவருக்கே மகிமை. பந்தலில் இருந்த பட்டணத்து அம்மாமார்கள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். அவர் அழாததைக் கேட்டு அவர்கள் எல்லோரும் தாராளமாக அழுதார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் கேட்பார். "சொல்லிட்டு வந்துட்டேன். ரசத்துக்குப் புளி கரைச்சியா, ரோசி?"

புளி கரைக்கிற வேலையை எப்போதும் எனக்கே கொடுத்தார். சின்னப் பெண்ணுக்கு எளிதான வேலை என்று கொடுக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம்தான், அவர் அந்தப் புளிப்பானைப் பக்கமே போவதில்லை என்பது என் மண்டையில் ஏறியது.

அவருக்கு அடக்கம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருந்தது. நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒருநாள் போர்டிங் மேனேஜர் சாப்பிடும்போது சோற்றில் கல் கடித்துவிட்டது. தட்டோடு தூக்கி அக்காவின் காலடியில் எறிந்தார். "கண்ணு தெரியாதவங்களை எல்லாம் வேலைக்கு வெச்சிருக்கோம்" என்றார். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா குனிந்து சோற்றை அள்ளினார், தட்டைக் கழுவினார், வேறு சோறு போட்டு அவர் முன்னால் வைத்தார்.

பிறகு சமையற்கட்டில் கேட்டேன். "எப்படிக்கா சும்மா இருந்தீங்க?"

"யாரு சும்மா இருந்தது? அந்த ஆளு மண்டையிலயே கரண்டியால ரெண்டு போட்டேன்."

"எப்பக்கா?"

"மனசுலதான்." சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "கோவம் என்னுது, ரோசி. அத்த எப்ப எடுக்கணும், எதுக்கு எடுக்கணும்னு நான்தான் சொல்லணும். அந்த ஆளு தட்டைத் தூக்கி அடிச்சா நான் எடுத்துக் காட்டணுமா? கல்லு கெடந்த சோத்துக்கா நான் என் கோவத்தக் குடுப்பேன்?"

அதற்குப் பிறகு, காய்ச்சலில் கிடந்த ஒரு பையனை அதே மேனேஜர் தண்ணீர் சுமக்க அனுப்பினார். அன்று அக்கா கோபத்தை எடுத்தார். குடத்தைப் பிடுங்கி மேனேஜர் அறை வாசலில் வைத்துவிட்டு, "நீங்க போய் கொண்டாங்க சார், உங்களுக்குத்தான் காச்சல் இல்லியே" என்றார். குரலை உயர்த்தவில்லை. மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார். பையன் போய்ப் படுத்துக்கொண்டான். ஆவியின் கனியில் இச்சையடக்கமும் ஒன்று என்று நமக்குச் சொல்லித்தருகிறார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அதை யாரும் எந்தப் பந்தலிலும் சாட்சியாகச் சொல்லச் சொல்லவில்லை.

விறகுக்குப் போகும்போது ஓடைப் பள்ளத்தில் என் சுமையை முதலில் தூக்கிவிட்டு, "நீ போய்ட்டு மேல பாறையில குந்து, நான் வர்றேன்" என்பார். எனக்குக் கால் வலிக்கும் என்று முன்னால் அனுப்புகிறார் என்று போவேன். ஒருநாள் அரிவாளை மறந்துவிட்டு வந்து, அதை எடுக்கத் திரும்பினேன். பாதி வழியில் கேட்டது. பள்ளத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நம் மலைப் பெண்கள் அழுகிற அதே அழுகை. மார்பில் அடிக்கிற சத்தம் பாறையில் மோதி மேலே வந்தது.

"ஏறுன மரத்துலேருந்து எறங்கி வரலியே என் ராசா. கட்டிக்க வந்த கைய நான் கட்டிக்கலியே, அண்ணி. யாரைக் கட்டிக்கினு நான் அழுவேன், அண்ணி."

நான் அரிவாளை எடுக்காமல் பாறைக்கே போய்விட்டேன். அவர் ஓடையில் முகம் கழுவிக்கொண்டு, விறகோடு என் அரிவாளையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். அரிவாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"யாருகிட்டயும் சொல்லாத. சாட்சி கெட்டுடும்." சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. சுமையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். "ஆண்டவரே சிநேகிதன் கல்லறையில அழுதாருன்னு வேதத்துல போட்டிருக்கு இல்ல? அப்ப அவுரு பக்கத்துல போதகர் யாரும் இல்ல போல."

நான் அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டேன். அவரே சொன்னார். "கோவம் என்னுதுன்னு அன்னிக்கி சொன்னேனே. அழுகையும் என்னுதுதான். அத்த மட்டும் இவங்க எடுத்துக்கினாங்க. வருசா வருசம் பந்தல்ல வெச்சி ஏலம் போடறாங்க." ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "எனுக்குக் கோடி வருமா, ரோசி?"

நான் சுமையைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன்.

போளூரிலிருந்து ஜீப்பில் அக்காவின் உடலைக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் வைத்தார்கள். பாட்டுப் பாடினோம். நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய நேரத்தில் சின்னப்பொண்ணு வந்தார். தலை நரைத்திருந்தது. பின்னால் அவர் கணவர், ஊர்ப் பெண்கள் கொஞ்சம் பேர். கையில் பச்சைச் சேலை.

அவர் கோடியைப் போர்த்தினார். பிறகு கால்மாட்டில் உட்கார்ந்தார். பெண்களும் உட்கார்ந்தார்கள். ஒருவரும் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, அன்று எஸ்தர் அக்கா உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்தார்கள். ஊர் பேசும் என்று சேலையைக் கொண்டுவந்துவிட்டார். கண்ணீரைக் கொண்டுவரவில்லை. சொன்ன சொல்லில் பாதியையாவது காப்பாற்றினார்.

ஐயாவுக்கு அது விளங்கவில்லை. மூப்பர் ஒருவரிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். "பாருங்க, புறமதத்து ஜனங்க. எவ்வளவு அடக்கமா இருக்காங்க. எஸ்தருடைய சாட்சி அவங்களையும் தொட்டிருக்கு."

தண்டனையைச் சாட்சி என்று நினைத்துக்கொண்டார். யாருகிட்டயும் சொல்லாத என்று அக்கா சொன்னது காதில் இருந்தது. கட்டிக்க வந்த கையை நான் கட்டிக்கலியே என்று அழுததும் அதே காதில் இருந்தது. எதைக் கேட்பது என்று தெரியாமல், தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சின்னப்பொண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரிம்மா, தண்ணி."

"வாணாம்." என்னை ஏறஇறங்கப் பார்த்தார். "நீதான் இவகூட ஆக்கிப்போட்ட பொண்ணா?"

"ஆமாம் பெரிம்மா."

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. ஒரு நாளாவது அந்தப் புள்ளைக்கு அழுதாளா இவ?"

"அழுதாங்க பெரிம்மா. ஓடைப் பள்ளத்துல. விறகுக்குப் போறப்பல்லாம். உங்களத்தான் கூப்புட்டு அழுதாங்க. அண்ணி, உன் கையக் கட்டிக்கலியேன்னு."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. வாய் கோணிக்கொண்டது.

"அப்ப இன்னாத்துக்குடீ அன்னிக்கி எங்க முன்னாடி அழல?"

"அழாதன்னு சொல்லிட்டாங்க, பெரிம்மா."

அவர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வெள்ளச்சீ" என்று ஒரு சத்தம் போட்டார். அப்படியே போய்ச் சேலைமேல் விழுந்து, உயிரில்லாத தோளைக் கட்டிக்கொண்டார். பெண்கள் எல்லோரும் எழுந்து முடியை அவிழ்த்தார்கள். "உன் வூட்டு வாசல மிதிக்காம வுட்டேனே, பாவி நானு. பக்கத்து ஓடையில அழுதியேடீ, எனுக்குக் கேக்கலியேடீ."

ஐயா பதறி வந்தார். "அம்மா, அமைதி. அமைதியா இருங்க. அவங்க ஆண்டவர்கிட்ட இருக்காங்க."

சின்னப்பொண்ணு முகத்தைத் தூக்காமலே சொன்னார். "ஐயா, உங்க சாட்சிய நீங்க வெச்சிக்கோங்க. எங்க பொண்ண எங்களுக்குக் கொஞ்சம் வுடுங்க."

மூப்பர் பாட்டை ஆரம்பிக்கச் சொன்னார். நாங்கள் பாடினோம். பாட்டும் ஒப்பாரியும் ஒன்றாகக் கல்லறைவரை போயின. எஸ்தர் அக்காவுக்குப் பச்சைச் சேலையும் கிடைத்தது, கட்டிக்கொள்ள ஒரு கையும் கிடைத்தது. அவருக்குத் தெரியாமல் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஐயா அவரைப் பற்றிப் பேசினார். மகன் மரித்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத விசுவாசத் தாய் என்றார். முற்றத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "ரோசி, ஆண்டுக் கூட்டம் வருது. நீ கூடவே இருந்தவ. எஸ்தருடைய சாட்சியை இனிமே நீ சொல்லணும்."

தலையை ஆட்டி மாட்டேன் என்றேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். கூச்சமும்தான். ஆனால் வாயடைத்து நிற்பதையும் அடக்கத்தையும் நான் இனி ஒன்றென்று நினைக்கமாட்டேன். அந்த வித்தியாசம் தெரிந்த ஒருத்தியின் பக்கத்து அடுப்பில் நின்றிருக்கிறேன்.

அக்கா எனக்கென்று எதையும் விட்டுப்போகவில்லை. அவருடைய கரண்டிகள்கூடப் போர்டிங்குக்குச் சொந்தம். அவர் சொன்ன ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். கோபம் என்னுடையது, எப்போது எடுப்பதென்று நான்தான் சொல்ல வேண்டும். அடக்கம் செய்த நாளில் எடுக்கவில்லை. பிரசங்கத்தின் நடுவில் எடுக்கவில்லை. ஐயா சிரித்தபோதும் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, எழுத உட்கார்ந்து, இப்போது எடுத்திருக்கிறேன்.