ஒரு சிட்டிகைத் தீனியும் தொட்டி நிறைய நத்தைகளும்

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்த பிறகுதான் எங்கள் விறாந்தையில் மீன் தொட்டி வந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து சிறியதைக் கிள்ளி எடுக்கப் பழக வேண்டும் என்றார் பயிற்சி சொல்லித்தர வந்த பெண். இரண்டு தங்க மீனும் ஒரு தகரப் பேணி தீனியும் வாங்கினேன். கடைக்காரர் ஒரு நீர்ச்செடியைச் சும்மா தந்தார்.

ஒரு மாதத்தில் அவள் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கண்ணாடியிலை என்னவோ ஒட்டிக்கிடக்குது."

"நத்தை. செடியோடை வந்திருக்கு."

"செடியை நீங்கள் கழுவேல்லையோ?"

"இல்லை."

"ஊரெல்லாம் கழுவச் சொல்லிக்கொண்டு திரிஞ்ச ஆள்!"

முப்பது வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன் நான். புதுச் செடியை உப்புத் தண்ணீரில் அலசி, இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வாங்கிய அன்றும் தெரிந்துதான் இருந்தது.

நுளம்புக் குடம்பி என்னும் கொசுப்புழுவைப் பார்த்த பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். இரண்டு வகை. ஒன்று சுருட்டி வைத்த கயிறு போலத் தட்டையானது. இலையின் அடியில் வழுவழுப்பாக முட்டையிடும். மற்றது திருகாணி போல் கூரானது. பகலில் கல்லுக்குள் ஒளிந்திருந்து குட்டி போடும். கொப்பியில் வகை, இடம், நடவடிக்கை என்று மூன்று நிரல் கீறினேன். மூன்றாவது நிரல் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

செம்பு கலந்த மருந்து நத்தையைக் கொல்லும். நூறு நத்தை ஒன்றாகச் செத்து அழுகினால் தண்ணீர் மீன்களைக் கொல்லும். கடைக்காரரிடம் போனேன்.

"ஐயா, நத்தை தின்னுற மீன் ஒண்டு கிடக்கு."

"நத்தை முடிஞ்சால் எதைத் தின்னும்?"

"உங்கடை தங்க மீன்ரை வால் செட்டையை."

நேர்மையான வியாபாரி. வெறுங்கையோடு வந்தேன்.

பிறகு அவித்த முட்டைக்கோவா இலையைப் பின்னேரம் தொட்டியில் இறக்கி, காலையில் நத்தைகளோடு வெளியே எடுக்கும் முறை. அது பலித்தது. ஆனால் கந்தசஷ்டி தொடங்கியிருந்தது, அவள் விரதம்.

"சஷ்டி நாளிலை உதுகளைக் கொல்லப்போறியளோ? கிணத்துக்கை விடுங்கோ. நீங்கள் விட்ட மீனும் அதுக்கைதானே கிடக்குது."

நுளம்புக் குடம்பியைத் தின்னக் கிணற்றில் மீன் விடும்படி ஊருக்குச் சொன்னவன் நான்; எங்கள் கிணற்றிலும் விட்டிருந்தேன். ஆறு நாளும் நத்தைகளை அங்கேயே போட்டேன்.

தொட்டித் தண்ணீரைக் வாரத்துக்கொரு முறை மாற்றுவேன். கூரைத் தாங்கியில் குளோரின் போடுவதால் குழாய்த் தண்ணீர் மீனுக்கு ஆகாது. கிணற்றில் வாளியால் அள்ளி, ஒரு நாள் ஆறவைத்து ஊற்றுவேன். எல்லாம் முறைப்படி. மூன்றாம் வாரம், ஆறவைத்த வாளியின் அடியில் ஒரு சின்னத் தட்டை நத்தை கொம்பை நீட்டிக்கொண்டிருந்தது. விட்டவற்றை நானே திருப்பி அழைத்து வந்திருக்கிறேன். அதுவும் சுண்ணாம்புக் கல்லில் ஊறும் தண்ணீரில் அவற்றின் ஓடு நன்றாகத் தடிக்க வைத்து. அதன்பின் பிடிபட்டவை வீட்டின் பின்னே கோடிப்புறத்தில் உப்புப் போட்ட தேங்காய்ச் சிரட்டைக்குப் போயின. அவளிடம் கிணறு என்றே சொன்னேன்.

உண்மையில் முதல் விதி ஒன்றுதான்: தீனியைக் குறை. மீன் தின்னாமல் விட்டதைத்தான் நத்தை தின்று பெருகும். அவள் கிள்ளும் தீனியோ பாதி விரலிலிருந்து நழுவிக் கொட்டும்.

"நீர் கொஞ்சமாய்ப் போட்டால் நத்தை தானாய்க் குறையும்."

"கொஞ்சமாய் எடுக்க இந்தக் கை கேட்டால் நான் ஏன் இதிலை குந்திக்கொண்டிருக்கிறன்?"

பேணியை ஒளித்துவிட்டு, பயிற்சிக்கு ஒரு கிண்ணம் பயறு வைத்தேன். இரண்டு நாள் கிள்ளினாள். மூன்றாம் நாள் கை மடியில் கிடந்தது.

"ஏன், செய்யேல்லையோ?"

"பயறு வாயைத் திறந்துகொண்டு வருமே?"

வராது. பேணியைத் திருப்பி வைத்தேன். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு வந்தன. நத்தைகளும் வந்தன.

போன வெள்ளிக்கிழமை காலை மீண்டும் கூப்பிட்டாள். தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் ஏறிய ஒரு நத்தையை வலது கையால் பிடித்திருந்தாள். பெருவிரல், சுட்டுவிரல். நத்தை விழவில்லை, அதன் ஓடும் நொறுங்கவில்லை. வாதம் வந்த நாளிலிருந்து அந்த விரல்கள் இவ்வளவு சின்னப் பொருளை நழுவவிடாமல் பிடித்து நான் பார்த்ததில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வாங்கிக் கிணத்துக்கை விடுங்கோ."

உள்ளங்கையில் வாங்கினேன். சிரட்டை இருக்கும் பக்கம் திரும்பினேன். அவள் ஊன்றுகோலோடு எழுந்து, கிணற்றைப் பார்த்த யன்னலுக்கு வந்து நின்றாள்.

கிணற்றடிக்கு நடந்தேன். கிணற்றுக் கட்டருகே நின்று திரும்பிப் பார்த்தேன்; இன்னும் நின்றாள். விட்டேன்.

அன்று தொட்டிக்குத் தண்ணீர் அள்ளும் நாள். வாளி பக்கத்திலேயே இருந்தது.