வெர்னாவின் கண்ணை நம்பியவர்கள்

லாங்காஸ்டர் பக்கத்தில் காரும் மின்சாரமும் இல்லாமல் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் பண்ணை வீடுகளில் பிள்ளை பிறந்தால், மூன்றாம் நாள் வெர்னா ஹோர்னிங்கின் கார் வாசலில் நிற்கும். இருபத்தாறு வருஷமாக நர்ஸ் வேலை. பிள்ளையை ஜன்னலோரம் தூக்கிப்போய் மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுப்பாள். அந்த இடம் வெளுத்தால் சரி. காமாலை மஞ்சள் தெரிந்தால் நெஞ்சு, வயிறு, கால் என்று பார்த்துக்கொண்டே போவாள். மஞ்சள் கீழே இறங்க இறங்க ஆபத்து.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மலிண்டா எஷ் வீட்டில் மட்டும் அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. திரை இறக்கியிருந்தது, மலிண்டா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்புவானேன் என்று எண்ணெய் விளக்கிலேயே பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் எந்தப் பிள்ளைதான் மஞ்சளாகத் தெரியாது? "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. மஞ்சள் மூளைக்கு ஏறியிருந்தது. அந்தப் பிள்ளை லெவிக்குக் காது கேட்காமல் போயிற்று.

அந்த வாரமே மலிண்டாவும் கணவன் எனோஸும் குதிரை வண்டியில் வந்து, "மன்னிச்சிட்டோம்" என்று சொல்லி ஒரு ரொட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மன்னித்ததை மறுபடி பேசுவது அவர்களிடம் வழக்கமில்லை. வெர்னாவை ஒரு வார்த்தை பேசவிட்டார்களா? அன்றைக்கு மரத்துப்போனவள்தான். சாப்பிடுவாள், தூங்குவாள், வேலைக்குப் போவாள். அவ்வளவுதான்.

இப்போது அதே வீட்டில் இன்னொரு பிள்ளை. வெர்னா இப்போதெல்லாம் கூடவே கொண்டுவரும் காமாலை அளக்கும் கருவியைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். பத்தொன்பது. மூன்று நாள் பிள்ளைக்கு அது ஆபத்தான அளவு. மறுபடி வைத்தாள். பத்தொன்பது. அவளுக்குப் பயம்கூட வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். இப்பவே."

எனோஸ் தாடியைத் தடவினான். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம பாத்துக்கலாமே. மெஷின் கெடக்கட்டும், உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது? நாங்க உங்க கண்ணத்தான் நம்புறோம்."

"நம்பாதீங்க!" வெர்னாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "லெவிய நான் சரியா பாக்கல. திரைய ஏத்தக்கூட இல்ல."

மலிண்டா படுக்கையிலிருந்து, "அத மன்னிச்சாச்சு வெர்னா" என்றாள்.

"மன்னிக்க வேண்டாம். ஒரு தடவையாவது என்னத் திட்டு. திட்டிட்டு எந்திரிச்சு கார்ல ஏறு."

மலிண்டா அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து பிள்ளையைப் போர்வையில் சுற்றினாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என் குரல் எப்படி இருக்கும்னு லெவிக்குத் தெரியாது, வெர்னா. உன்னாலதான்."

வெர்னா சாவியைத் திருகினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.